தப்புச் செய்ய அவகாசம்

பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சை முடிவு வெளியானதும், முதலாவதாகத் தேறிய மாணவியின் பெயரைப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பார்கள். ஆண்டு விழாவில் அவளை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுப்பார்கள். தலைமை வகிக்க வந்த பெரியவர், "இந்தப் பெண்ணுக்கு இனி ஒரு குறையும் இல்லை" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போவார். மறு வருஷம் பலகையில் வேறொரு பெயர் ஏறும். பழைய பெயருக்குரியவள் என்ன ஆனாள், புதிதாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் தன்னைப் போலவே முதலாவதாகத் தேறிய நூறு பேருக்கு நடுவில் உட்கார்ந்தபோது அவள் மனம் என்ன பாடுபட்டது என்று விசாரிப்பவர்கள் மிகச் சிலரே.

இந்த வாரம் அப்படி ஒரு விசாரணைக்காக நேயர்களை அமெரிக்கா வரையில் அழைத்துப் போக உத்தேசம். அந்த நாட்டுக் கலாசாலைகளில் கூடைப்பந்து ஆடிப் பெயரும் புகழும் பெற்ற பெண்கள், படிப்பு முடிந்ததும் சம்பளத்துக்கு ஆடும் லீகில் போய்ச் சேருகிறார்கள். சேர்ந்த முதல் வருஷத்தில் அவர்கள் படும் பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். "பந்து விளையாட்டைப் பற்றி எங்களுக்கு என்ன?" என்று குடும்பத் தலைவிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெண்ணைப் படிக்க வைத்து உத்தியோகத்துக்கு அனுப்பியிருக்கும் குடும்பத்துக்கும், இனி அனுப்பப் போகும் குடும்பத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

கூடைப்பந்து பிறந்ததே ஒரு கல்விச்சாலையில்தான். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம், மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிக் கலாசாலை உபாத்தியாயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். குளிர்காலத்தில் வெளியே போய் ஆட முடியாமல் அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்காக, பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி அவர் தொடங்கிய ஆட்டம் அது. அடுத்த வருஷமே பக்கத்து ஊரில் இருந்த ஸ்மித் பெண்கள் கலாசாலையில் செண்டா பெரன்ஸன் என்ற ஆசிரியை அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார். ஆகவே இந்த ஆட்டத்தில் பெண்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று யாரும் சொல்வதற்கில்லை. நம் சென்னைக்கும் இதில் சிறிது பந்தம் உண்டு. அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னை ஒய்.எம்.ஸி.ஏ. தேகப்பயிற்சிக் கலாசாலையை ஸ்தாபித்தவர்.

அமெரிக்கக் கலாசாலைப் பெண்களின் ஆட்டத்துக்கு யோகம் பிறந்தது 1972-ல். சர்க்கார் பணம் பெறும் எந்தக் கல்வி ஸ்தாபனத்திலும் ஆண் பெண் என்ற பேதம் பாராட்டக்கூடாது என்று அந்த வருஷம் ஒரு சட்டம் பிறந்தது. அதற்குப் பிறகு பெண் ஆட்டக்காரிகளுக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்கத் தொடங்கியது. இன்று ஒரு பெரிய சர்வகலாசாலையில் கூடைப்பந்து ஆடும் பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்தால் நம் ஊர்ச் செல்லப் பெண்கள் பொறாமைப்படுவார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பயிற்சியாளர் வீடு தேடி வந்து, தாய் தகப்பனாரிடம் பேசி அழைத்துப் போகிறார். படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் உபகாரச் சம்பளத்தில் அடங்கிவிடும். காலில் சுளுக்கு விழுந்தால் வைத்தியர் இருக்கிறார். பாடத்தில் பின்தங்கினால் தனியாகச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இருக்கிறார். ஆட்டத்தன்று பத்தாயிரம் பேருக்கு மேல் கூடி அவள் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கும் ஊர்களும் உண்டு. 2024-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதி தென் கரோலினாவுக்கும் அயோவாவுக்கும் நடந்த கலாசாலை இறுதி ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சம் பேருக்கு மேல். அந்த வருஷத்து ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

இத்தனை சீராட்டும் ஏறக்குறைய நான்கு வருஷத்துக்குத்தான். அதன் பிறகு?

முன்காலத்தில் இந்தக் கேள்விக்கு விடையே இருந்ததில்லை. கான்சாஸ் சர்வகலாசாலையில் 1977 முதல் 1981 வரையில் ஆடிய லினெட் உட்டர்ட் என்ற பெண்மணி மொத்தம் 3,649 புள்ளிகள் எடுத்தார். பெரிய சர்வகலாசாலைப் பெண்களில் அந்த எண்ணிக்கையை 2024 வரையில் எவரும் தாண்டவில்லை. ஆனால் உட்டர்ட் படிப்பை முடித்த அதே 1981-ல், மூன்று வருஷங்களுக்கு முன் தொடங்கியிருந்த பெண்கள் லீக் ஒன்று பணமில்லாமல் கதவைச் சாத்தியது. அவர் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போய் ஆடினார். ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் என்ற வேடிக்கை ஆட்டக் கோஷ்டியில் முதல் பெண்ணாகச் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றார். பிறகு நியூயார்க்கில் பங்குத் தரகுத் தொழில் பார்த்தார். 1993-ல் டெக்சாஸ் டெக் சர்வகலாசாலைக்காக இறுதி ஆட்டத்தில் தனியொருத்தியாக 47 புள்ளிகள் எடுத்த ஷெரில் ஸ்வூப்ஸும் உள்நாட்டில் இடமில்லாமல் இத்தாலிக்குத்தான் போனார். சீக்கிரத்திலேயே ஊர் திரும்பிவிட்டார்.

டபிள்யூ.என்.பி.ஏ. என்று வழங்கும் தேசீயப் பெண்கள் கூடைப்பந்து லீக் 1996-ல் உருவாகி, 1997 ஜூன் 21-ந் தேதி எட்டுக் கோஷ்டிகளுடன் முதல் ஆட்டத்தைத் தொடங்கியது. அதில் முதலில் கையெழுத்திட்டவர் ஸ்வூப்ஸ். உட்டர்டும் முப்பத்தெட்டை எட்டும் வயதில் தரகுத் தொழிலிலிருந்து திரும்பி வந்து கிளீவ்லாண்டு கோஷ்டியில் சேர்ந்து ஆடினார். பதினாறு வருஷம் காத்திருந்த பிறகு கிடைத்த வேலை! இப்படிப்பட்ட லீக் ஒன்று ஏற்பட்டதே பெரிய பாக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் வாசல் எவ்வளவு குறுகலானது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கலாசாலைப் போட்டிகளின் முதல் பிரிவில் சுமார் 350 பெண்கள் கோஷ்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர் படிப்பை முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்கூட, வருஷத்துக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஆகிறது. 2024-ல் லீகில் இருந்தவை 12 கோஷ்டிகள். ஒரு கோஷ்டிக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஆகமொத்தம் 144 இடங்கள். அந்த இடங்களும் காலியாக இல்லை. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆடிப் பழுத்தவர்கள் அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் 'டிராப்ட்' என்ற தேர்வுச் சடங்கில் பெயர் வாசிக்கப்பட்டவர்கள் 36 பேர். பெயர் வாசித்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமல்ல. பயிற்சி முகாமுக்கு வரலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். சில வருஷங்களில், தேர்வான 36 பேரில் பாதிப் பேர்கூட முதல் ஆட்டத்தன்று கோஷ்டியில் நிலைத்திருப்பதில்லை.

காலக் கணக்கையும் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 7-ந் தேதி கலாசாலை இறுதி ஆட்டம். 15-ந் தேதி தேர்வுச் சடங்கு. 28-ந் தேதி பயிற்சி முகாம் தொடக்கம். மே 14-ந் தேதி லீகின் முதல் ஆட்டம். முப்பத்தேழு நாட்களுக்குள் ஒரு பெண் கலாசாலையை விட்டு, தெரியாத ஊருக்குப் போய், ஜாகை பார்த்து, புதிய பயிற்சியாளரின் உத்திகளை நெட்டுருப் போட்டு, தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களுடன் மோதி, 'இவள் வேண்டும்' என்று சொல்ல வைக்க வேண்டும். பட்டமளிப்பு விழாவும் பெரும்பாலும் இந்த நாட்களிலேயே வந்து குறுக்கிடும்.

தாய் வீட்டிலிருந்து புக்ககம் போகும் பெண்ணின் நிலையோடு இதை ஒப்பிடத் தோன்றுகிறது. ஆனால் ஒப்புமை சரியாகப் பொருந்தவில்லை. எவ்வளவு பொல்லாத மாமியாரும், சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று இரண்டாவது வாரமே மருமகளைப் பெட்டியும் கையுமாகத் திருப்பி அனுப்புவதில்லை. முகாமில் அதுதான் நடக்கிறது. முன்னணியில் இருப்பவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2021-ம் வருஷத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் டெக்சாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த சார்லி காலியர். அவரை எடுத்த டல்லாஸ் கோஷ்டியே 2023-ம் வருஷ ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன் அவரை விலக்கிவிட்டது. இரண்டே வருஷம்! அந்த வாசலை நம் நாட்டுப் பெண் ஒருவரும் தட்டிப் பார்த்ததுண்டு. தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இந்தியாவுக்காக ஆடிய கேரளத்துக் கீது அன்னா ஜோஸ், 2011-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், ஸான் அன்டோனியோ ஆகிய மூன்று கோஷ்டிகளிடம் பரீட்சைக்குப் போய் வந்தார். இடம் கிடைக்கவில்லை.

உள்ளே நுழைந்துவிட்ட அதிர்ஷ்டசாலிகளுக்கும் ஆட்டம் பழைய ஆட்டமாக இருப்பதில்லை. பந்து அதே பந்து, கூடை அதே பத்தடி உயரம். ஆனால் கலாசாலையில் ஒரு கோஷ்டி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 30 விநாடி வரையில் யோசிக்கலாம். லீகில் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். தன் பாதி மைதானத்தைக் கடக்கக் கலாசாலையில் 10 விநாடி, லீகில் 8. கலாசாலையில் நெட்டையான பெண் ஒருத்தி, கோவில் துவாரபாலகர் மாதிரி, தன் கூடைக்கு அடியிலேயே நின்று காவல் காக்கலாம். லீகில் யாரையும் தொடர்ந்து காவாமல் அங்கே மூன்று விநாடிக்கு மேல் நிற்பது குற்றம். இரண்டு விநாடி, ஆறு விநாடி என்றால் சொல்ப வித்தியாசமாகத் தோன்றும். பதினைந்து வருஷமாகக் கையும் காலும் ஒரு தாளத்துக்குப் பழகியிருக்கும்போது, தாளம் மாறினால் எவ்வளவு தடுமாற்றம் என்பதைப் பாட்டு வாத்தியாரிடம் கேட்டால் சொல்லுவார்.

எதிரில் நிற்பவர்களும் மாறிவிடுகிறார்கள். கலாசாலையில் எதிராளிக்குப் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயது. லீகில் டயானா டராசி போன்றவர்கள் இருந்தார்கள். 2024-ல் நாற்பத்திரண்டு வயதிலும் ஆடிக்கொண்டிருந்த அந்த அம்மாள், இருபது வருஷ ஆட்டத்தில் பத்தாயிரம் புள்ளிகளுக்கு மேல் குவித்து 2025-ல் ஓய்வு பெற்றார். 2024 வசந்தத்தில் புதிய பெண்களைப் பற்றி அவரிடம் கேட்டபோது, பதினெட்டு வயதுக் குழந்தைகளுக்கு எதிரே அமானுஷ்யமாகத் தோன்றுவது வேறு, பல வருஷம் தொழிலாக ஆடிய ஸ்திரீகளை எதிர்கொள்வது வேறு என்ற கருத்தில் பதில் சொன்னார். அமெரிக்காவில் அந்தப் பேச்சு பெரிய சர்ச்சையைக் கிளப்பிவிட்டது. அனுபவசாலி சொன்ன வார்த்தையில் நமக்குப் பிழை ஒன்றும் தென்படவில்லை.

அந்தப் பேச்சு முக்கியமாக யாரைக் குறித்து எழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அயோவா சர்வகலாசாலையின் கெய்ட்லின் கிளார்க், உட்டர்டின் 3,649-ஐத் தாண்டியவர். ஆண்களையும் மிஞ்சி 3,951 புள்ளிகள் எடுத்துவிட்டுக் கலாசாலையை விட்டு வந்தவர். 2024 தேர்வில் முதலாவதாக அவரை எடுத்தது இந்தியானா கோஷ்டி. மே 14-ந் தேதி கனெக்டிகட்டில் முதல் ஆட்டம். கிளார்க் 20 புள்ளிகள் எடுத்தார். பத்துத் தடவை பந்தைப் பறிகொடுத்தார். அவருடைய கோஷ்டி 92-க்கு 71 என்று தோற்றது. முதல் இருபது நாட்களில் பதினொரு ஆட்டங்கள். அவற்றில் ஒன்பது தோல்வி. பயிற்சிக்கு நாள் ஏது? இன்று ஒரு நகரம், நாளை மறுநாள் வேறு நகரம். முந்திய நவம்பரிலிருந்து கலாசாலைக்காக 39 ஆட்டங்கள் ஆடிவிட்டு, ஒரு மாதம்கூட ஓய்வெடுக்காமல் வந்த உடம்பு அது.

ஜூலையில் ஒலிம்பிக் பந்தயங்களுக்காக லீகுக்குச் சுமார் ஒரு மாதம் விடுமுறை விட்டார்கள். கிளார்க் ஒலிம்பிக் கோஷ்டியில் இல்லை. ஆகையால் ஓய்வு கிடைத்தது. திரும்பி வந்து ஆடிய பதினான்கு ஆட்டங்களில் இந்தியானா ஒன்பதில் வென்றது. அந்த வருஷ முடிவில் கணக்கெடுத்தபோது, கூட்டாளிகள் கூடை போடுவதற்கு வாகாகப் பந்து கொடுத்துதவியதில் அவர் 337 என்று அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டியிருந்தார். பந்தைப் பறிகொடுத்ததிலும் 223 என்று அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கை அவருடையதுதான்! முதல் வருஷ ஆட்டக்காரிகளில் சிறந்தவர் என்ற விருதும் அவருக்கே கிடைத்தது.

இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நமது விருப்பம். 337-க்கு விலை 223. அத்தனை தடவை தப்புச் செய்தபடியால்தான் அத்தனை தடவை சரியாகச் செய்யக் கற்றுக்கொண்டார். அவருக்குத் திறமை இருந்தது வாஸ்தவம். திறமையோடு கூட இன்னொன்றும் கிடைத்தது. அதுதான் தப்புச் செய்ய அவகாசம். முதலாவதாகத் தேர்வானவரை, அதுவும் முந்தின வருஷம் சராசரி நாலாயிரம் பேர் வந்த அரங்கத்துக்குப் பதினேழாயிரம் பேரை வரவழைத்தவரை, பத்துத் தடவை பந்தைப் பறிகொடுத்தார் என்று யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்? அதே மே மாதத்தில், மூன்றாவது சுற்றில் தேர்வான ஒரு பெண் பயிற்சி ஆட்டத்தில் மூன்று தடவை தடுமாறியிருந்தால், மறுநாள் ரயிலுக்கோ விமானத்துக்கோ டிக்கட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். கற்றுக்கொள்ளும் சக்தி அவளுக்கு இருந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

உள்ளே இருப்பவர்களும் புதிதாகக் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது தோல்வி. 2024-ல் தென் கரோலினா சர்வகலாசாலை ஆடிய 38 ஆட்டங்களிலும் வென்றது. அந்தக் கோஷ்டியின் தூண் போன்ற கமில்லா கார்டோசோ சிகாகோவுக்குப் போனார். அந்த வருஷம் சிகாகோ 13 ஆட்டங்களில் வென்று 27-ல் தோற்றது. மறு வருஷம் கனெக்டிகட் சர்வகலாசாலை 37 வெற்றி, மூன்றே தோல்வி என்று பட்டம் பெற்றது. அதன் நாயகி பெய்ஜ் பெக்கர்ஸ் முதலாவதாகத் தேர்வாகி டல்லாஸில் சேர்ந்தார். 2025-ல் டல்லாஸின் கணக்கு பத்து வெற்றி, முப்பத்துநான்கு தோல்வி. பெக்கர்ஸ் தம் அளவில் பிரமாதமாக ஆடி, சிறந்த புதுமுகம் என்ற விருதையும் பெற்றார். ஆயினும் சில வாரங்களுக்கு முன் வரையில் தோல்வி என்பதே அபூர்வமாக இருந்த ஒருவர், வாரத்துக்கு இரண்டு மூன்று தரம் தோற்றுவிட்டு மறுநாள் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போவதென்றால் அதற்குத் தனி மனோதிடம் வேண்டும். கடைசியாக நின்ற கோஷ்டிகளுக்கே தேர்வில் முன்னுரிமை என்பது லீகின் ஏற்பாடு. ஆகையால் கலாசாலையில் அதிகம் வென்றவரே லீகில் அதிகம் தோற்கும் இடத்துக்குப் போய்ச் சேருகிறார்!

"கெட்டிக்காரிக்கு இடம் கொடுக்கிறார்கள், மற்றவர்களை அனுப்பிவிடுகிறார்கள். லீக் என்ன தர்மசத்திரமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பணம் கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் நல்ல ஆட்டத்தை எதிர்பார்ப்பார்கள். ஆனால் கெட்டிக்காரி யார் என்று முப்பத்தேழு நாட்களில் கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் நமது சந்தேகம். பெக்கி ஹாமன் என்பவரின் கதை இதற்குச் சாட்சி. கொலராடோ ராஜ்ய சர்வகலாசாலையில் படித்த அவர் 1999-ல் தேர்வுக்கு வந்தபோது, போட்டியாக இருந்த இன்னொரு லீக் திவாலாகி அதன் ஆட்டக்காரிகள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்து குவிந்திருந்தார்கள். ஹாமனின் பெயரை ஒரு கோஷ்டியும் வாசிக்கவில்லை. பிறகு நியூயார்க் கோஷ்டி முகாமுக்கு வந்து பார்க்கும்படி அழைத்தது. போனார்; பெஞ்சில் உட்கார்ந்து மூத்தவர்களைப் பார்த்துக் கற்றார். பதினாறு வருஷம் ஆடினார். பிற்பாடு லாஸ் வேகாஸ் கோஷ்டியின் பயிற்சியாளராகி 2022, 2023, 2025 என்று மூன்று தரம் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எரிக்கா வீலர் என்பவரும் 2013-ல் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாதவர்தான். போர்ட்டோ ரிக்கோவிலும் பிரேஸிலிலும் ஆடிக் கைதேர்ந்து, 2015-ல் லீகுக்குள் வந்தார். 2019-ல் நட்சத்திர ஆட்டக்காரிகள் எல்லோரும் கூடிய ஆட்டத்தில் அவரே சிறந்தவர் என்று விருது பெற்றார். இந்த இருவருக்கும் எப்படியோ அவகாசம் கிடைத்தது. கிடைக்காமற் போன ஹாமன்களும் வீலர்களும் எத்தனை பேரோ!

அந்த அவகாசத்தைத் தேடிக் கடல் கடந்து போனவர்கள் பலர். சம்பளமும் ஒரு காரணம். 2024-ல் கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். மூன்றாவது சுற்றில் தேர்வாகி நிலைப்பவருக்கு 64,154 டாலர். அதே வருஷம் ஆண்கள் லீகில் முதலாவதாகத் தேர்வானவருக்கோ 1 கோடி டாலருக்கு மேல். 2021 ஜூலை முதல் கலாசாலை மாணவிகளே விளம்பரங்களுக்குத் தங்கள் பெயரையும் படத்தையும் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஏற்பட்டுவிட்டபடியால், சிலருக்கு மாணவியாக இருந்தபோது வந்த வருமானத்தைவிட உத்தியோகச் சம்பளம் குறைவு என்ற விசித்திரமும் நேர்ந்திருக்கிறது. ஆகவே கோடையில் அமெரிக்காவிலும், குளிர்காலத்தில் ருஷ்யா, துருக்கி, சீனா முதலிய தேசங்களிலும் ஆடுவது வழக்கமாயிற்று. உடம்புக்கு ஓய்வே கிடையாது. கலாசாலையில் நான்கு வருஷமும் நான்கு பட்டம் பெற்ற பிரியானா ஸ்டூவர்ட், 2019 ஏப்ரலில் ருஷ்யக் கோஷ்டி ஒன்றுக்காக ஹங்கேரியில் ஆடியபோது குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். அந்த வருஷம் அமெரிக்க லீகில் அவர் ஆடவே முடியவில்லை. பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் ருஷ்யாவுக்குத் திரும்பிச் சென்றபோது, பெட்டியில் கஞ்சா எண்ணெய் இருந்ததாகக் கைது செய்யப்பட்டு, டிசம்பர் 8-ந் தேதி வரையில் சிறையில் கிடந்தார். சொந்த நாட்டில் போதுமான இடமும் ஊதியமும் இருந்திருந்தால் இவர்கள் அவ்வளவு தூரம் போயிருப்பார்களா?

நல்ல காலத்துக்கு அறிகுறிகளும் இல்லாமல் இல்லை. 2024 முதல் கோஷ்டிகள் தனி விமானத்தில் பிரயாணம் செய்கின்றன. விமான நிலையப் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு தூங்க வேண்டியதில்லை. 2025-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பதின்மூன்றாவது கோஷ்டி வந்தது. டொராண்டோ, போர்ட்லாந்து நகரங்களுக்கும் கோஷ்டிகள் உண்டு என்று 2024-லேயே அறிவித்துவிட்டார்கள். அதே 2025 ஜனவரியில் ஸ்டூவர்டும் நபீஸா காலியர் என்ற தோழியும் சேர்ந்து, குளிர்காலத்தில் உள்நாட்டிலேயே ஆடுவதற்கு மயாமியில் ஒரு சிறு லீகைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் பாராட்ட வேண்டியவை. ஆனால் அந்தப் புதிய லீகில் முதல் வருஷம் இடம் 36 பேருக்கு. அதுவும் பெரும்பாலும் பெயர் பெற்றவர்களுக்கே.

நமக்குத் தோன்றும் யோசனை ஒன்றே ஒன்று. ஆண்கள் லீகுக்கு 2001-லிருந்து ஒரு பயிற்சி லீக் இருந்து வருகிறது; இப்போது அதில் முப்பதுக்கு மேற்பட்ட கோஷ்டிகள். முகாமில் இடம் கிடைக்காத இளைஞன் அங்கே போய்ச் சிறு சம்பளத்தில் ஒரு வருஷம் ஆடி, தப்புச் செய்து, திருத்திக்கொண்டு, மறுபடி கதவைத் தட்டலாம். பெண்களுக்கு அதுபோன்ற பயிற்சி லீக் 2025 வரையில் ஏற்படவில்லை. கலாசாலை வாசலுக்கும் லீகின் வாசலுக்கும் நடுவே ஒரு திண்ணை வேண்டும். திண்ணையில்லாத வீட்டில், உள்ளே இடமில்லை என்றால் தெருவில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

நம் குடும்பங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறதென்று முதலில் சொன்னோம் அல்லவா? கலாசாலையில் பதக்கம் பெற்ற பெண், உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாவது மாதம் முகம் வாடி வீட்டுக்கு வந்தால், "உன் கெட்டிக்காரத்தனமெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேட்பது சுலபம். அவள் கெட்டிக்காரத்தனம் எங்கேயும் போய்விடவில்லை. தாளம் மாறியிருக்கிறது, எதிரில் நிற்பவர்கள் மாறியிருக்கிறார்கள், அவள் மறுபடியும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடம் என்பது தப்புச் செய்தால் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, மறுநாள் மறுபடி எழுதச் சொல்லும் இடம். உத்தியோக சாலைகள் அப்படி இருப்பதில்லை. குறைந்தபட்சம் வீடாவது அப்படி இருக்கலாம்.

பெயர் வாசிக்கப்பட்டும் இடம் கிடைக்காமல் அமெரிக்காவில் வருஷந்தோறும் பெட்டியைக் கட்டும் அந்தப் பதினைந்து இருபது பெண்களுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. கையில் சர்வகலாசாலைப் பட்டம் இருக்கிறது. சிலர் மறு வருஷம் மறுபடி முகாமுக்கு வருவார்கள். சிலர் பள்ளிக்கூடங்களில் சிறுமிகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கப் போவார்கள். அவர்களிடம் கற்கும் சிறுமி முதல் தடவை பந்தைத் தவறவிடும்போது அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நாம் உறுதியாக நம்புகிறோம்.